சூலக்குறி போட்ட கண்ணாடி

மலேரியாச் சிற்றம்பலம் என்று கேட்டால் கருங்காலிக்குளத்தில் நாய்கூட வழி காட்டும். வெறும் சிற்றம்பலம் என்று கேட்டால் இரண்டு பேர் நின்று யோசிப்பார்கள். செட்டிகுளம் றோட்டிலிருந்து மூன்று கட்டை, அதாவது மூன்று மைல், காட்டுக்குள் இருக்கிற அந்த ஊருக்குக் கடிதம் கொண்டுபோய்க் கொடுக்கிறவன் நான். ஐந்தாம் வகுப்போடு எனக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஒத்துவரவில்லை. ஆனால் தபாலட்டை வாசிக்க ஐந்தாம் வகுப்புத் தாராளமாகக் காணும். மூடி ஒட்டாமல் அனுப்புகிறவர், எல்லோரும் வாசிக்கட்டும் என்றுதானே அனுப்புகிறார்? இந்தக் கதையில் பாதி எனக்கு அப்படித் தெரிந்தது. மற்றப் பாதி அவர் மனைவி அன்னபாக்கியம் அக்கா சொன்னது.

சிற்றம்பலத்தார் ஐம்பத்திரண்டில் சாவகச்சேரிப் பக்கத்திலிருந்து காணி கிடைத்து வந்தவர். பயந்த மனிதர். யானைக்குப் பயம் எங்கள் எல்லோருக்கும் உண்டு. அவருக்கு யானை போன தடத்துக்கும் பயம். இடிக்குப் பயம், மாமியாருக்குப் பயம், மாமியார் காலமான பிறகு சுவரில் தொங்கிய படத்துக்குப் பயம். ஆனால் ஊசியைக் கையில் கொடுத்தால் மட்டும் அந்தக் கை நடுங்காது. பத்து வருடம் மலேரியா வேலை. காக்கிச் சட்டையும் முதுகில் மருந்துப் பம்பியுமாக வீடு வீடாகப் போனார். காய்ச்சல்காரரின் விரலில் குத்தி ஒரு சொட்டு இரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் எடுத்து அனுப்பினார். அவர் குத்தினால் குழந்தைகூட அழாது.

பிறகு ஒருநாள் மேலிடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. அவருடைய பகுதியில் வேலை முடிந்துவிட்டது, இனி வரத் தேவையில்லை என்று. அதைக் கொண்டுபோய்க் கொடுத்தவனும் நான்தான். வேறு ஆளென்றால் கிழித்து அடுப்பில் போட்டிருப்பான். சிற்றம்பலத்தார் அதற்குச் சட்டம் போட்டு மாமியார் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார்.

"பார் இளையதம்பி, மலேரியா முடிஞ்சுது. நாங்கள்தான் முடிச்சனாங்கள்," என்றார்.

"வேலை போனதுக்குப் படம் மாட்டின முதல் ஆள் நீங்கள்தான் அண்ணை," என்றேன்.

இரண்டு மூன்று வருடம் வயலோடு இருந்தார். அதற்குப் பிறகுதான் டொக்டர் நடராசா ஜீப்பில் வந்து இறங்கினார். மாட்டு டொக்டர். ஆனால் ஊசி போடுகிற ஆளில்லை, ஆராய்ச்சி செய்கிற ஆள். மலைநாட்டில் எங்கேயோ பெரிய ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை. வெளிநாட்டு மாட்டைக் கொண்டுவந்து வன்னியில் விட்டால் உண்ணி கடித்து இரண்டு மாதத்தில் செத்துப்போகிறது. எங்கள் மாடும் எருமையும் உடம்பு முழுக்க உண்ணியோடு காட்டில் நின்று கொழுக்கின்றன. அது எப்படி என்று பார்க்க வேண்டுமாம். அதற்கு எங்கள் மாடுகளின் இரத்தம் வேண்டும், பட்டி பட்டியாக. இரத்தம் எடுக்கத் தெரிந்த ஆள் யார் என்று கேட்டார். ஊரே ஒரே பக்கம் விரலை நீட்டியது.

மாட்டின் காதோர நரம்பில் குத்த வேண்டும். வருகிற சொட்டைக் கண்ணாடியின் ஒரு நுனியில் வைத்து, இன்னொரு கண்ணாடியைச் சரித்துத் தள்ளினால் இரத்தம் நாக்கு நீட்டியதுபோல மெல்லிசாகப் பரவும். காய்ந்தபின், தடித்த நுனியில், இரத்தத்தின் மேலேயே பென்சிலால் எந்த மாடு என்று எழுத வேண்டும். பிறகு தட்டுத் தட்டான மரப்பெட்டியில் அடுக்கி, செட்டிகுளத்தில் ரயிலேற்ற வேண்டும்.

எழுதுகிற இடத்தில்தான் டொக்டருக்கும் இவருக்கும் முதல் இழுபறி. டொக்டர் இலக்கம் போடச் சொன்னார். இலக்கம் போட்டால் எந்த மாடென்று யாருக்குத் தெரியும்? வன்னியில் மாட்டுக்கு அடையாளம் குறிதான். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு குறி. இரும்பைக் காய்ச்சித் தொடையில் சுட்டுவிட்டால் மாடு மன்னார்க் காட்டுக்குப் போனாலும் திரும்பி வரும். அதனால் சிற்றம்பலத்தார் கண்ணாடியில் உடையவன் குறியைக் கீறினார், அதன் கீழே அந்தப் பட்டியில் எத்தனையாவது மாடு என்று கோடு போட்டார். டொக்டர் பார்த்துவிட்டு, "நல்லது, இதுவே இருக்கட்டும்," என்று விட்டுவிட்டார்.

சிற்றம்பலத்தாருடைய குறி சூலமும் கீழே ஒரு புள்ளியும். ஆனால் அந்தக் குறியோடு உலகத்தில் நடமாடியது ஒரேயொரு கிழட்டு எருமைதான். அவருடைய வளவில் நின்ற மற்றதெல்லாம் அன்னபாக்கியம் அக்காவின் சீதனத்தோடு வந்தவை, அவற்றில் மாமனார் குறி. "என்ரை வீட்டிலை என்ரை பேருக்கு நிக்கிறது இது ஒண்டுதான்," என்று அந்த எருமையைத் தடவிக்கொண்டு சொல்வார்.

டொக்டர் முதல்முறை வந்தபோது பாலை மரத்தடியில் மேசை போட்டு, வெயிலைக் கண்ணாடியால் திருப்பி, பூதக்கண்ணாடிக் குழாயில் அவருக்கு ஒரு இரத்தத்தைக் காட்டினார். சிற்றம்பலத்தார் ஒற்றைக் கண்ணைப் பொத்திக்கொண்டு கனநேரம் பார்த்தார். நிமிர்ந்தபோது முகத்தில் இரத்தம் இல்லை.

"சிவப்புச் சிவப்பாச் சல்லிக்காசு மாதிரிக் கிடக்கு இளையதம்பி. அதுக்குள்ளை ஊதா நிறத்திலை ரெண்டு வேப்பங்கொட்டை. அது பூச்சியாம். உள்ளுக்கை இருந்து தின்னுதாம்."

"மாட்டுக்குத்தானே அண்ணை?"

"மாட்டுக்குத்தான். ஊசி கையிலை படாமல் கவனமா எடும், பட்டால் என்ன வருமெண்டு ஆருக்கும் தெரியாதெண்டு அவரே சொன்னவர்."

அன்று அவர் சோறு தின்னவில்லை என்று அக்கா சொன்னா.

அறுபத்தேழு மாரி தொடங்குகிற நேரம் பரமலிங்கத்தின் எருமை ஒன்று சிவப்பாகச் சலம் பெய்யத் தொடங்கியது. பரமலிங்கம் பக்கத்துக் காணிக்காரன், வாய் பெரிசு. ஓடிவந்து சிற்றம்பலத்தாரைக் கூட்டிக்கொண்டு போனான். நான்கு பேர் பிடித்திருக்க, அவர் காதில் குத்தினார். எருமை தலையை ஒரு உதறு உதறியது. ஊசி அதன் காதிலிருந்து வந்து நேரே அவர் பெருவிரலில் ஏறியது.

"சின்னக் குத்துத்தானே அண்ணை," என்றான் பரமலிங்கம்.

சிற்றம்பலத்தார் விரலைப் பிழிந்தார், சாம்பல் பூசினார், ஸ்பிரிட்டில் ஊறப்போட்டார். மூன்றாம் நாள் அந்த எருமை செத்தது. அன்றிலிருந்து அந்த மனிதர் நிம்மதியாக இருந்த நாளை நான் காணவில்லை.

முதலில் அக்காவுக்குத்தான் பிடிபட்டது. விடிந்ததும் வெள்ளைக் கோப்பை ஒன்றை எடுத்துக்கொண்டு வாழைக்குப் பின்னால் போகிறார். சலம் சிவப்பாகப் போகிறதா என்று அதில் பிடித்துப் பார்க்கிறார். அக்கா கோப்பையைத் தேடிக்கொண்டு போய்க் கையும் களவுமாகப் பிடித்தா.

"இஞ்சருங்கோ, அது விருந்தாளிக்குத் தேத்தண்ணி குடுக்கிற கோப்பையெல்லே!"

"இனி எனக்கெண்டு வைச்சிரு," என்றாராம், குரல் உடைந்து.

அக்கா இதைச் சிரிப்பாகத்தான் எனக்குச் சொன்னா. நானும் சிரித்தேன். ஊருக்கும் சொன்னேன். அது என் பிழைதான். அடுத்தநாள் பரமலிங்கம் வேலிக்கு மேலால் எட்டி, "அண்ணை, வைக்கல் ஏதும் வேணுமோ?" என்று கேட்டான்.

குத்துப்பட்டுப் பதினாறாம் நாள் மத்தியானம் அவருக்குக் குளிர் பிடித்தது. வெயில் எரிக்கிற நேரம். சாக்கு, பாய், அக்காவின் சேலை என்று மேலே போட்டும் பல் கிடுகிடுத்தது. பிறகு கொதி. கொதி தாங்காமல் எழும்பி ஓடிப்போய்க் குளத்தில் கழுத்துமட்டும் இறங்கிப் படுத்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்து நான் சைக்கிளில் போனேன். தண்ணீருக்கு மேலே தலை மட்டும். இரண்டு பாகத் தூரம் தள்ளி அவருடைய எருமையின் தலை. இரண்டும் ஒரே மாதிரி என்னைப் பார்த்தன.

"அண்ணை, கொம்பு முளைச்சுட்டுதோ?" என்று கேட்டேன்.

அவர் கையைத் தூக்கித் தலையைத் தடவிப் பார்த்தார். பகிடிக்கு இல்லை. உண்மையாகவே தடவிப் பார்த்தார்.

அடுத்தநாள் ஒன்றும் இல்லை. அதற்கடுத்த நாள் அதே நேரம் திரும்பவும் குளிர். ஒருநாள் விட்டு ஒருநாள். பத்து வருடம் ஊரெல்லாம் இதே குளிரைக் கண்டு, இதே கேள்வியைக் கேட்டு, விரலில் குத்திய மனிதர். ஆனால் மலேரியா முடிந்துவிட்டது. சுவரில் சட்டம் போட்டு மாட்டிக் கிடக்கிறது. முடிந்துபோன ஒன்று எப்படி வரும்? ஆகவே இது எருமையின் பூச்சிதான். செத்த எருமைக்குள் இருந்த வேப்பங்கொட்டை இப்போது தனக்குள் இருந்து தின்கிறது. இந்தக் கணக்கில் அவருக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

வவுனியா ஆஸ்பத்திரிக்குப் போங்கோ என்று அக்கா மன்றாடினா. அவர் அசையவில்லை. ஆஸ்பத்திரியில் மனிதருக்குத்தானே மருந்து, மாட்டு வருத்தத்துக்கு அங்கே என்ன இருக்கிறது என்றார். இன்னொரு பயமும் இருந்தது, அதை அக்காவுக்கும் சொல்லவில்லை. டொக்டர் நடராசா செத்த மாட்டின் வயிற்றைக் கிழித்து மண்ணீரலை எடுத்துப் போத்தலில் போடுவதை அவர் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார். தனக்கும் அதுதான் நடக்கும் என்று நினைத்தார்.

என்றாலும் தெரியவேண்டும். உள்ளே இருப்பது என்ன, இன்னும் எத்தனை நாள் என்று தெரியவேண்டும். மூன்றாவது குளிர் வந்த அன்று தன் விரலில் தானே குத்தினார். கண்ணாடியில் தடவினார். காய்ந்தபின் பென்சிலை எடுத்தவர் நின்றுவிட்டார். பெயரை எழுதினால் டொக்டருக்குத் தெரிந்துவிடும். எழுதாவிட்டால் எறிந்துவிடுவார். கடைசியில் சூலத்தைக் கீறி, கீழே புள்ளி வைத்து, ஒரு கோடு போட்டார். பெட்டியில் பரமலிங்கத்தின் மாடுகளுக்கும் கோயில் மாடுகளுக்கும் நடுவில் அதை அடுக்கி ரயிலேற்றிவிட்டார்.

ஒன்பது நாள் கழித்துத் தபாலட்டை வந்தது. ஆலடி வளைவில் சைக்கிளைச் சாத்திவைத்து வாசித்தேன். டொக்டரின் கையெழுத்து துள்ளிக்கொண்டு கிடந்தது.

"சூலமும் புள்ளியும் குறியுள்ள எருமையின் இரத்தத்தில் நான் மாட்டில் இதுவரை காணாத பூச்சி இருக்கிறது. வளையம் வளையமாக இருக்கிறது. இரத்த அணுக்களும் வழமையைவிடப் பெரிதாக வீங்கியிருக்கின்றன. மிக முக்கியம். எருமையைக் கட்டி வைக்கவும். வியாழக்கிழமை நானே வந்து அறுத்துப் பார்ப்பேன். அதற்குமுன் செத்தால் உடனே வயிற்றைக் கிழித்து மண்ணீரலை எடுத்து ஸ்பிரிட்டில் போட்டு வைக்கவும். தாமதிக்க வேண்டாம்."

எனக்கு நல்ல புளுகம், அவ்வளவு சந்தோசம். சிற்றம்பலத்தார் எருமைக்குப் பேர் வரப்போகிறது என்று நினைத்துக்கொண்டு, படலையடியிலிருந்தே கத்திக்கொண்டு போனேன். "அண்ணை! உங்கடை எருமை பாஸ் பண்ணிட்டுது!"

அவர் அட்டையை வாங்கி வாசித்தார். திரும்பவும் வாசித்தார். அப்படியே முற்றத்து மண்ணில் இருந்துவிட்டார்.

"என்னண்ணை? ஒரு கிழட்டு எருமைக்கு இவ்வளவு கவலையோ?"

"அது எருமையின்ரை ரத்தமில்லை இளையதம்பி."

"பின்னை ஆற்றை?"

தன் நெஞ்சில் விரலை வைத்தார். அந்தப் பெருவிரல்.

அட்டையில் இருந்த சொற்கள் எல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. அறுத்துப் பார்ப்பேன். வயிற்றைக் கிழித்து. தாமதிக்க வேண்டாம்.

"ஒருத்தருக்கும் சொல்லாதை. வற்றாப்பளை அம்மன் மேலை சத்தியம் பண்ணு."

"டொக்டருக்கெண்டாலும் சொல்லுவம் அண்ணை. அவர் படிச்ச மனிசன்—"

"அவர் காணாத பூச்சியாமடா! அவரே காணாத பூச்சிக்கு அவரிட்டை என்ன மருந்து கிடக்கு? கத்திதான் கிடக்கு. பண்ணு சத்தியம்."

பண்ணினேன். கடிதக்காரன் ஒருவன் மூன்று நாள் ஒரு கதையை வயிற்றில் வைத்திருப்பது என்ன பாடு என்று யாருக்கும் விளங்காது. அந்த மூன்று நாளும் எனக்கே மேல் குளிர்வதுபோல இருந்தது. பயம்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை காலமை பத்துக்கு ஜீப் வந்தது. ஊர் கூடிவிட்டது, டொக்டர் வருவதை ஊருக்குச் சொல்ல அம்மன் தடை போடவில்லை. எருமை பாலை மரத்தில் கட்டி நின்று அசைபோட்டது. டொக்டர் சிரித்த முகத்தோடு இறங்கினார், கலியாண வீட்டுக்கு வந்த ஆள் மாதிரி. தானே காதில் குத்தி இரத்தம் எடுத்தார். நீல மையில் ஊறப்போட்டார். அரை மணி நேரம் காத்திருந்து, கழுவி, குழாய்க்குள் பார்த்தார்.

ஒன்றும் இல்லை.

வாலில் எடுத்தார். திரும்பவும் அரை மணி. ஒன்றும் இல்லை. அணுக்கூட வீங்கவில்லை, சின்னதாக ஒழுங்காக இருக்கிறதாம். டொக்டரின் முகம் சுருங்கியது.

"ஒளிச்சுக்கொண்டு கிடக்கு. மண்ணீரலுக்குள்ளை போயிருக்கும். அறுத்துத்தான் பாக்கவேணும். சிற்றம்பலம், நீர் காலைப் பிடியும்."

நேரம் பன்னிரண்டை நெருங்கியது. அன்று குளிர் வருகிற நாள். சிற்றம்பலத்தாரின் உதடு நீலம் பாயத் தொடங்கியதை நான் கண்டேன். அக்கா குசினி வாசலில் நின்று சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டிருந்தா. கயிற்றைப் போட்டு எருமையை விழுத்தினார்கள். அது ஒருமுறை கத்திவிட்டுப் பேசாமல் கிடந்தது. தொடையில் சூலம் வெயிலில் தெரிந்தது. டொக்டர் கத்தியை எடுத்துத் துணியில் துடைத்தார். காலைப் பிடித்துக்கொண்டிருந்த சிற்றம்பலத்தாரின் கண் அந்தக் கத்தியை விட்டு அகலவில்லை. சொன்னால் கத்தி தன் பக்கம் திரும்பும். சொல்லாவிட்டால் இந்த எருமை போகும், வியாழக்கிழமை போகும், டொக்டர் போவார், தான் தனியே அந்தப் பூச்சியோடு கிடந்து சாகவேண்டும். அவ்வளவும் அவர் முகத்தில் எழுதிக் கிடந்தது. என் வாய் திறந்துவிட்டது. அம்மனை நினைத்து மூடினேன்.

"விடுங்கோ ஐயா," என்றார் சிற்றம்பலத்தார். பல் அடித்துக்கொண்டது. "அதை விடுங்கோ. அந்தக் குறி என்ரை."

"உம்மடை மாடெண்டு தெரியுந்தானே. அதுக்கென்ன?"

"ரத்தமும் என்ரை, ஐயா."

பரமலிங்கம் மட்டும் சிரித்தான். டொக்டர் சிரிக்கவில்லை. கத்தியைக் கீழே வைத்தார். சிற்றம்பலத்தார் எருமையின் காலை விட்டுவிட்டு அதன் வயிற்றிலேயே சாய்ந்து நடுங்கத் தொடங்கினார். நான்கு பேர் பிடித்தும் நிற்பாட்ட முடியவில்லை. டொக்டர் முழங்காலில் இருந்து அவர் நெற்றியில் கையை வைத்தார்.

"எத்தினை நாளா?"

"ஒருநாள் விட்டு ஒருநாள்... ரெண்டு கிழமைக்கு மேலையாகுது... என்னைக் கிழிச்சுப் போடாதையுங்கோ ஐயா. செத்தாப் பிறகு எடுங்கோ. நான் எழுதித் தாறன்."

"விசர்க்கதை கதைக்காதையும். கையைத் தாரும்."

குத்தியது டொக்டர். அந்த அரை மணியில் ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. கட்டவிழ்த்த எருமைகூட அங்கேயே நின்றது. அக்கா மடியில் அவர் தலையைக் கிடத்தி வைத்திருந்தா. குளிர் போய்க் கொதி வந்துவிட்டது. டொக்டர் குனிந்தார். குழாயை ஏற்றினார், இறக்கினார். ஒரு சின்ன அளவுகோலை உள்ளே வைத்து எதையோ அளந்தார். பிறகு கதிரையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

"வீங்கினதில்லை," என்றார் தனக்குள். "மனிசற்றை அணு மாட்டுக்கு இருக்கிறதைவிடப் பெரிசு. நான் ஒரு மடையன்."

"ஐயா, என்ன பூச்சி?" என்று அக்கா கேட்டா. அந்தக் குரலை நான் மறக்கமாட்டேன்.

"மலேரியா."

சிற்றம்பலத்தார் படுத்த படுக்கையில் கண்ணைத் திறந்தார். "அது முடிஞ்சுதே ஐயா. நான்தானே முடிச்சனான்."

"உமக்கு முடிஞ்சுது. அதுக்கு முடியேல்லை."

டொக்டர் தன் பையில் துழாவி, காடு மேடென்று போகிறபோது தனக்காக வைத்திருந்த குளிசைகளை எடுத்து அக்காவின் கையில் வைத்தார். வெள்ளைக் குளிசை, கசப்பென்றால் அப்படிக் கசப்பு. சனிக்கிழமை மத்தியானம் வரவேண்டிய குளிர் வரவில்லை. திங்கட்கிழமையும் வரவில்லை. அதன் பிறகு ஒரு மாதத்தில் சிற்றம்பலத்தாரைத் திரும்பவும் மலேரியா வேலைக்குக் கூப்பிட்டார்கள். அந்தக் கடிதத்தை அவர் சட்டம் போடவில்லை. எருமை இன்னும் ஆறு வருடம் இருந்தது. அதெல்லாம் பிறகு.

அன்றைக்குப் பாலை மரத்தடியில் வேறொன்று நடந்தது. டொக்டர் கூட்டத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்து, "இந்த ஊரிலை வேறை ஆருக்கும் குளிர்க் காய்ச்சலோ?" என்று கேட்டார்.

எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பரமலிங்கத்தின் முகத்தில் சிரிப்பு இல்லை. அவன் மகள் இரண்டு நாளாகப் பாயில். தோட்டக் காணியில் ஒரு தாயும் பிள்ளையும். மெல்ல மெல்ல, கோயில் வரிசையில் வருவதுபோல, மேசைக்கு முன்னால் சனம் வந்து நின்றது. டொக்டரிடம் கண்ணாடி போதாமல் மாட்டுக்கு வைத்திருந்ததெல்லாம் எடுத்தார். கொதி இறங்கிய சிற்றம்பலத்தார் வேர்வை வடிய வடிய எழும்பி வந்து ஊசியைக் கையில் வாங்கினார்.

"நீர் போய்ப் படும்," என்றார் டொக்டர்.

"இது என்ரை வேலை ஐயா," என்றார் அவர்.

வரிசையில் கடைசியாக நான் போனேன். மூன்று நாளாக மேல் குளிர்ந்ததைப் பயம் என்று நினைத்தேன் என்றேனே, அதைத்தான் சொல்லப் போனேன். சொல்வதற்குப் பதிலாகக் கையை நீட்டினேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். கொம்பைப்பற்றி ஏதாவது கேட்பார் என்று நினைத்தேன். கேட்கவில்லை. குத்தினார், தள்ளினார், காயும்வரை ஊதினார். பிறகு பென்சிலை எடுத்துக் குறி ஒன்றும் கீறாமல், என் முழுப் பெயரையும் தகப்பன் பெயரையும் எழுத்தெழுத்தாக எழுதினார். அவர் கை நடுங்கவில்லை.

டொக்டர் என் கண்ணாடியைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்த நேரம் முழுவதும் நான் எருமைக்குப் பக்கத்தில், அதன் சூலத்தில் கையை வைத்துக்கொண்டு நின்றேன்.

"இதிலையும் இருக்கு," என்றார் டொக்டர், தலையைத் தூக்காமல்.